ஆணியில் தொங்கிய ஏழு கயிறுகள்

என் அன்பு மச்சானுக்கு,

அங்கே காலையில் எழுந்ததும் குடிக்க ஏதாவது தருகிறார்களா? தந்தால் சீனி குறைவாகவே கேளுங்கள். அக்கா பக்கத்தில் இல்லை என்று ஆட வேண்டாம்.

இங்கே நல்ல செய்தி எதுவும் இல்லை. மாக் மண்டினில் இருக்கிற நம் கார் பட்டறையின் சாவியை இந்த மாதக் கடைசியில் திருப்பிக் கொடுக்கிறேன். இடத்துக்காரர் விற்றுவிட்டார். வாங்கியவர் மீன் வைக்கிற குளிர்க்கிடங்கு கட்டப் போகிறாராம். நம் பட்டறையில் பதினைந்து வருஷமாக ஊறிப்போன ரெசின் பசை வாசனைக்கு இனி மீன் வாசனைதான் மருந்து.

ஆனால் இந்தக் கடிதம் சாவியைப் பற்றியது இல்லை மச்சான். நான் உங்களிடம் சொன்ன ஒரு பொய்யைப் பற்றியது. ஊரறியச் சொல்ல வேண்டும் என்றுதான் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்தது அறுபது வருஷத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார்களின் நகல். இரண்டே சீட், கூரை கிடையாது, நீண்ட மூக்கு. இஞ்சின் எங்காவது இடிபட்ட காரிலிருந்து வரும், அடிச்சட்டம் நீங்கள் வெல்டிங் போட்டது, மேலே ஃபைபர் பாடி. பதினோரு கார் செய்தோம். பதினொன்றும் அடுத்தவர்களுக்கு. ஒவ்வொரு காரும் வாசலைத் தாண்டிப் போகும்போது நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே நிற்பீர்கள். பன்னிரண்டாவது உங்களுக்கும் ரீத்தா அக்காவுக்கும், ஒரு தரமாவது தீவைச் சுற்றி வர வேண்டும் என்றீர்கள். "அந்தச் சீட்டுல உக்காந்தா என் இடுப்பு போயிரும், நீங்க என் தம்பிய கூட்டிட்டுப் போங்க" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு மறுநாளே தலைக்குக் கட்ட ஒரு பச்சை ஸ்கார்ஃப் வாங்கி வந்தாள், உங்களுக்குத் தெரியுமா?

பாடியை எடுப்பது ஒரு பெரிய மோல்டிலிருந்து, காரின் வடிவத்தில் குழிந்த அச்சு அது. மோல்டின் உள்பக்கம் வேக்ஸ் தேய்த்து, கலர் அடித்து, ஃபைபரை ரெசினில் நனைத்து ஒட்டி, காய்ந்ததும் பாடியைப் பிரித்தெடுக்க வேண்டும். வேக்ஸ் ஏழு தடவை. குறைந்தால் பாடி மோல்டோடு ஒட்டிக்கொள்ளும். உங்கள் காருக்கென்று மோல்டையே புதிதாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டிருந்தீர்கள், பழைய வேக்ஸ் ஒரு பொட்டு இல்லை. ஏழும் கட்டாயம் வேண்டும்.

வேக்ஸ் என் வேலை. ஒரு தடவை தேய்த்தால் ஒரு மணி நேரம் காயவிட வேண்டும். அந்த நேரத்தில் எதிர்க்கடையில் தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், பாக்கெட்டில் கட்டி வாங்கிக் குடிப்பேன். குடித்ததும் பாக்கெட் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றைச் சுவர் ஆணியில் மாட்டுவேன். ஏழு கயிறு சேர்ந்தால் வேலை முடிந்தது. எழுதி வைக்கச் சொல்லி அக்கா எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள். நாம் கேட்டோமா? பதினோரு காருக்கும் கயிறு பொய் சொன்னதில்லை, ஏனென்றால் நீங்கள் வெளித் தேநீரே குடிக்கமாட்டீர்கள். அக்காவின் ஃபிளாஸ்க்தான்.

உங்கள் காருக்கு வேக்ஸ் தேய்த்த அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இருந்தீர்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். என் கண் மோல்டில் இல்லை, உங்கள் மேல்தான் இருந்தது. "மாப்ள, எனக்கும் ஒரு தே ஓ வாங்கு, சூடா எதாச்சும் உள்ள போனா தேவலை" என்றீர்கள். மூன்று தரம் கேட்டீர்கள், மூன்று தரம் வாங்கி வந்தேன். உங்கள் பாக்கெட்டுகளின் கயிற்றையும் பழக்க தோஷத்தில் ஆணியில் மாட்டிவிட்டேன்.

ஏழு கயிறு. நாலு வேக்ஸ்.

மறுநாள் நீங்கள் பச்சை அடித்தீர்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், நிற்க முடியாமல் நின்று, ஃபைபரை உங்கள் கையாலேயே ஒட்டினீர்கள். புதன்கிழமை நான் தனியாகப் பிரிக்கப் போனேன். மோல்டுக்கும் பாடிக்கும் நடுவே ஆப்பு அடித்தேன், காற்று விட்டேன். ஓரத்தில் ஒரு விரல் அளவு விலகியது, அதற்கு மேல் அசையவில்லை. ஆணியைப் பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வியாழக்கிழமை மதியம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "பாடி வந்துருச்சா மாப்ள?" தமிழ் நர்ஸ் ஒருத்தி சட்டென்று திரும்பினாள். "கார் பாடிம்மா, பயப்படாத" என்று நீங்களே சொன்னீர்கள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன்.

"வந்துருச்சு மச்சான். அலுங்காம வந்துச்சு."

"போட்டோ காட்டு."

போனில் தேடினேன். ஈப்போ டாக்டருக்குச் செய்த கார் இருந்தது. அதே பச்சை. காட்டினேன். நீங்கள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, முன் விளக்கு இருக்கிற இடத்தையே ரொம்ப நேரம் பார்த்தீர்கள். "நல்லா வந்துருக்கு. அக்காட்ட காட்டு" என்று போனைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

ஃபெரியில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. மோல்டிலிருந்து வருகிற பாடியில் முன் விளக்குக்கு ஓட்டை இருக்காது. அதை நாம் பிறகுதான் வெட்டுவோம். படத்தில் இரண்டு ஓட்டையும் இருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், அதுவும் யாரிடம்! மருந்து மயக்கத்தில் கவனித்திருக்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஆறு நாள் இருந்தீர்கள். ஆறு நாளும் வந்தேன். வந்ததும் நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"பட்டறையில வேற என்ன மாப்ள?"

"ஒன்னும் இல்ல மச்சான்."

பந்து விளையாட்டைப் பற்றிப் பேசினேன். மழையைப் பற்றிப் பேசினேன். ஏழாவது நாள் கேட்க நீங்கள் இல்லை.

எட்டு மாதம் ஒட்டிய பாடியை அப்படியே விட்டு வைத்தேன். உடைத்தால் மோல்டு, பாடி இரண்டில் ஒன்று போய்விடும் என்று இரண்டையும் தொடவில்லை. அக்கா ஞாயிறு பூசை முடிந்து தீவில் ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து பஸ் பிடித்து, ஃபெரி ஏறி வருவாள், பட்டறையைக் கூட்டுவாள், போவாள். மோல்டை மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்ததில்லை. பாடி எங்கே என்று ஒரு தரம்கூடக் கேட்டதில்லை. துக்கத்தில் கேட்கவில்லை என்று நினைத்தேன். போன மாதம் தைப்பிங்கிலிருந்து ஒருவர் மோல்டு வாங்க வந்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒன்னாயிருச்சு பாஸ். இத யாரு எடுப்பா?" என்று போய்விட்டார்.

பட்டறையைக் காலி செய்ய வேண்டும் என்றதும் வேறு வழியில்லை. போன சனிக்கிழமை அக்கா வந்தாள். நான் தார்ப்பாயை எடுத்தேன். அவள் முகத்தில் திகைப்பே இல்லை.

"மோல்ட வெட்டுடா. அவரு கார் வரட்டும்."

கிரைண்டரால் காலை முழுக்க வெட்டினேன். பின்பக்கம் வந்தது மச்சான். கதவுப் பக்கம் வந்தது. பச்சை பளபளவென்று, நீங்கள் அடித்த மாதிரியே. நம்பிக்கை வந்துவிட்டது எனக்கு. கடைசியாக முன் இடது மட்கார்டு. அங்கேதான் ஒட்டியிருந்தது. இழுத்தபோது மூக்கில் பாதியோடு பிய்ந்து மோல்டோடு போய்விட்டது. இப்போது மோல்டும் இல்லை, காரும் இல்லை.

அக்கா பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். நான் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் வாய் வந்தது எனக்கு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"அக்கா, நான் மச்சான்கிட்ட பொய் சொல்லிட்டேன். பாடி வரவே இல்ல."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ போட்டோ காட்டுன அன்னிக்கே. அவருதான் சொன்னாரு. இது டாக்டர் காருன்னாரு."

பிறகு அவள் சொன்னது நீங்கள் செய்ததைத்தான், நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

"நீ போனதும் பேப்பர் பேனா கேட்டாரு. எப்படிக் கழட்டணும்னு அவனுக்கு எழுதுறேன்னாரு. ரெண்டு பக்கம் எழுதுனாரு, படம்லாம் போட்டாரு. நாந்தான் அட்டைய பிடிச்சேன். அப்புறம் பாத்துக்கிட்டே இருந்தாரு. கிழிச்சுட்டாரு."

"ஏன்க்கா?"

"இதக் குடுத்தா, பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சுரும்னாரு. என் முன்னால அவன் தலை குனியக் கூடாது. நாளைக்கு அவனே சொல்லுவான், அப்ப எப்படிக் கழட்டணும்னு வாயாலயே சொல்லிக்கலாம்னாரு."

பட்டறையில வேற என்ன மாப்ள?

ஆறு நாள் எனக்குக் கதவைத் திறந்து வைத்தீர்கள். நான் பந்து விளையாட்டைப் பற்றிப் பேசினேன்.

"நீயாச்சும் கேட்டிருக்கலாம்லக்கா" என்றேன்.

"நீயா சொல்லுவன்னுதான் நானும் இருந்தேன். எட்டு மாசம் இருந்தேன் தம்பி."

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தீர்கள் மச்சான்? வெந்நீரா, ஐஸா, எந்தப் பக்கம் முதலில் தட்ட வேண்டும் என்றா? மாதங்கள் போனதால் இறுகிய இடம் அந்த வாரத்தில் இளகியிருக்குமா? உங்களுக்கு வழி தெரிந்திருந்தது. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. நீங்கள் என் மானத்தைக் காப்பாற்றினீர்கள், நான் உங்கள் மனத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேன், நடுவில் கார் செத்தது. அந்த மூன்று தே ஓ ஞாபகம் வந்து, தப்பு உங்கள்மேல் என்று நினைத்துக்கொண்டு போனீர்களோ? அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தப்பு உங்களுடையது இல்லை. தேநீர் கேட்பது தப்பே இல்லை மச்சான்.

வியாழக்கிழமை லாரி வருகிறது. ஃபைபரை உருக்க முடியாது, இரும்புக்கடைக்காரனும் சீந்தமாட்டான், குப்பைமேட்டுக்குத்தான் போகும். சனிக்கிழமை கிளம்புவதற்கு முன் அக்கா அந்தப் பாதி மூக்குப் போன பாடிக்குள் காலை எடுத்து வைத்து, சீட் இல்லாத வெறும் தரையில், இடது பக்கம் உட்கார்ந்தாள். ஓட்டுகிறவர் பக்கத்தை விட்டுத்தான் உட்கார்ந்தாள். பச்சை ஸ்கார்ஃபைப் பையிலிருந்து எடுத்து, தலையில் கட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஆணியில் இருந்த ஏழு கயிற்றையும் அவிழ்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு அக்காவோடு வருவேன். நான் செய்யப்போவதாகச் சொல்வது ஒன்றுதான், அதனால் எதுவும் திரும்பி வராது என்று தெரிந்தே சொல்கிறேன். அங்கே நின்று பந்து விளையாட்டைப் பற்றிப் பேசமாட்டேன். மழையைப் பற்றிப் பேசமாட்டேன். அந்த வியாழக்கிழமை நீங்கள் கேட்டதற்கு, அக்கா காதில் விழும்படி பதில் சொல்வேன்.

வரல மச்சான்.

உங்கள் ரீத்தாவின் தம்பி,
உங்கள் மாப்ள அருள்