கறுப்புக்கண் பூவில் புள்ளிகள்

ஓகஸ்ட் 10, ஞாயிறு
வெயில். காற்று. சித்தப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. இன்று துடக்குக் கழிவு, சாவுத் தீட்டு நீக்கும் நாள். மனைவி சாந்தி வீடு, பின்வளவு எல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். செம்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனது நான்.
வியாழன் மதியத்துக்குள் பத்திரிகைக்குக் கொடுக்க வேண்டியது: புலம்பெயர்ந்து வந்த இந்த மண்ணின் காட்டுப்பூ ஒன்று, இரண்டு படங்கள். நம் கண்ணுக்குத் தெரிவது. தேனீ காணும் புறஊதா ஒளியில் தெரிவது. பின்வளவில் கறுப்புக்கண் சூசன் பூத்திருக்கிறது. மஞ்சள் இதழ், நடுவில் கறுப்பு.

ஓகஸ்ட் 11, திங்கள்
சாதாரணப் படம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. புறஊதாவுக்கு எட்டு செக்கன் பூ அசையாமல் நிற்க வேண்டும். இந்தக் காற்றில் நிற்குமா? இருபத்து மூன்று படம், எல்லாம் கலங்கல். கழுத்துப் பிடிப்பு வேறு.
யன்னலுக்குள்ளிருந்து சாந்தி: “உந்தப் பூவுக்கு முன்னால குந்தியிருக்கிற நேரத்துக்குப் புல்லை வெட்டியிருக்கலாம்.”

ஓகஸ்ட் 12, செவ்வாய்
மதியம் காற்று ஓய்ந்தது. ஒரு படம், கூர்மை. இதழின் உட்பாதி கறுப்பு, புத்தகங்களில் உள்ளதுதான். வெளிப்பாதியில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள்! அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. சாதாரணப் படத்திலும் இல்லை. லென்ஸைத் துடைத்தேன், கமராவைத் திருப்பினேன். புள்ளி பூவில்தான். பக்கத்துப் பூக்களிலும்.
எழுதினேன்: “தேனீக்கு வழிகாட்டும் புள்ளிகள். இதுவரை எவரும் குறிப்பிட்டதாகத் தெரியவில்லை.” அனுப்பினேன்.
ஆசிரியர் குகன் போனில்: “அண்ணை, முன்பக்கம்!”

ஓகஸ்ட் 13, புதன்
மனம் கேட்கவில்லை. அனுப்பிய பிறகு கேட்காத மனம் எதற்கு? மில்லிக்கன் பூங்கா ஓரத்தில் அதே பூ. மூன்று படம். ஒரு புள்ளிகூட இல்லை.
சாப்பாட்டு மேசையில் சாந்திக்குப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக்கூடப் போடவில்லை அவள்.
“உது நான் தெளிச்ச மஞ்சள் தண்ணியெல்லே? செம்பை நீங்கள்தானே பிடிச்சனீங்கள்.”
இந்த நாட்குறிப்பின் ஞாயிறு பக்கத்தைப் புரட்டினேன். செம்பு, மஞ்சள் தண்ணீர், எல்லாம் என் கையெழுத்தில்.
ஒரு பூவை ஈரப் பஞ்சால் துடைத்து மறுபடி எடுத்தேன். புள்ளி போய்விட்டது. மஞ்சள் இதழில் மஞ்சள் தூள் யார் கண்ணுக்குத் தெரியும்? புறஊதாவில் அது கறுப்பு.
குகனை அழைத்தேன்.
“விடுங்கோ அண்ணை. பக்கம் கட்டியாச்சு. ஆருக்குத் தெரியும்?”
“எனக்குத் தெரியும். எடுத்துவிடு.”
“முன்பக்கத்தில பிறகு என்னத்தைப் போடுறது?”
“வெறுமையா விடு.”
நாற்பது வருடம் நிருபராய் ஊரெல்லாம் கேள்வி கேட்டவன். வீட்டில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 14, வியாழன்
வானம் மப்பு. துடைத்த பூவின் படத்தை அனுப்பினேன். படத்தின் கீழே நடந்ததை நடந்தபடி எழுதினேன், என் பெயரோடு. பத்து நிமிடத்தில் குகன்.
“அண்ணை, முன்பக்கத்துக்கு இதுதான்! செம்போட உங்கட படம் ஒண்டு வேணும்.”
முடியாது என்று போனை வைத்தேன். திரும்பிப் பார்த்தால், சாந்தி செம்பைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருக்கிறாள்.