முத்துச்சிப்பிப் பிடி

4 பிப்ரவரி 2002
குன்னூரில் கடும் பனி. தேயிலை விலை விழுந்ததிலிருந்து என் துப்பாக்கி ரிப்பேர் கடைக்கும் ஆள் வருவதில்லை. மத்தியானம் கோயம்புத்தூர் ஆறுக்குட்டி வந்தார். பழைய துப்பாக்கிகளை வாங்கி விற்கும் வியாபாரி. மேஜைமேல் ஒரு ரிவால்வரை வைத்தார்.

“ஏனுங்க சுடலைமுத்து, கைப்பிடி அசலுங்களா?”

யாருடையது என்றேன்.

“எஸ்டேட் கீர்த்திவாசன் விக்கிறாருங்க. தேயிலையில பலத்த அடி.”

கீர்த்திவாசன். என் தம்பி பாலமுருகனைச் சுட்டுக் கொன்றவன்.

5 பிப்ரவரி
மூடிய ஃபேக்டரியைத் திறக்கச் சொல்லி கேட் முன்னால் நின்றான் தம்பி. வேறென்ன செய்தான்? கொழுந்து பறிக்கும் கருப்பம்மா கோர்ட்டில் சொன்னாள்: “வெள்ளையா, பளபளன்னு பிடி வச்ச துப்பாக்கிங்க.” கீர்த்திவாசனின் வக்கீல், அவனிடம் இருப்பது இது ஒன்றுதான் என்று மரப்பிடி போட்ட இந்த ரிவால்வரைக் காட்டினான். பொய்சாட்சி என்றார்கள். குண்டும் கிடைக்கவில்லை. விடுதலை. மேல்முறையீடு தூங்குகிறது.

இப்போது அது என் கையில். ஒரு தோட்டா போட்டு அவன் பங்களாவுக்கே போனால் என்ன?

6 பிப்ரவரி
போகவில்லை. திருகைக் கழற்றினேன். மரம் இரும்போடு சேராமல் துருத்துகிறது. இந்தக் கம்பெனிக்காரன் துப்பாக்கியின் எண்ணைப் பிடியின் உட்புறத்திலும் கீறுவான், இதில் இல்லை. இரும்பில் வேறொரு பிடியின் விளிம்புத் தடம். மாத்திட்டயாடா — பாவி, பிடியை மாத்திட்டயா.

7 பிப்ரவரி
ஆறுக்குட்டியிடம், “மரம் பின்னால போட்டதுங்க. அசல் பிடியையும் கேட்டு வாங்குங்க, நல்ல விலை போகும்” என்றேன். ஆசைப்படு, கீர்த்திவாசா. நல்லா ஆசைப்படு.

12 பிப்ரவரி
இன்னும் வரவில்லை.

19 பிப்ரவரி
வந்துவிட்டது. அவனே கொடுத்தனுப்பியிருக்கிறான். வெள்ளை முத்துச்சிப்பி. உள்ளே கீறிய எண்ணும் இரும்பிலுள்ள எண்ணும் ஒன்றே. அதன் விளிம்பு அந்தத் தடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஆறுக்குட்டியிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன். துப்பாக்கியைத் துணியில் சுற்றினார். பிறகு, “உங்க வக்கீல் ஊட்டுக்கு நானும் வர்றனுங்க. எங்கையில குடுத்தது அவருதான்னு சொல்றனுங்க” என்றார்.

11 ஜூலை 2003
மேல்முறையீட்டில் கீர்த்திவாசனுக்கு ஆயுள் தண்டனை. போலீஸ் வண்டியில் ஏறுமுன் என்னைப் பார்த்தான். “நீங்க அந்தத் துப்பாக்கிக் கடைக்காரருங்களா?”

“பாலமுருகனோட அண்ணன்.”

அவன் முகம் வெளுத்ததை நின்று பார்த்தேன். வண்டி போன பிறகும் நின்றேன்.

ஊருக்கு வந்து கடையைத் திறந்தேன். வேலை ஓடவில்லை. இத்தனை நாள் அவனை நினைத்தே எழுந்தேன். நாளைக்கு?