கடுக்காய்க் கறை

அன்பும் கோபமும் சரிபாதியாக நெஞ்சில் வைத்திருக்கிற என் காதர் பாய்க்கு,

முதலில் ஒரு சேதி. நான் மீசையை எடுத்துவிட்டேன். போன மாதம் ஒரு நாள் டிஸ்பென்சரிக் கண்ணாடி முன்னால் நின்று நானே மழித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் மருந்துக்கு வந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கம்பவுண்டரு எங்கப்பா? நீ புச்சா வந்தவனா?" என்று கேட்டார். போளூருக்குப் போனால் வீட்டில் அதற்கு மேல். "இன்னாங்க இது, மூஞ்சி காலி பண்ண வூடாட்டம் கீது" என்று சொல்லிவிட்டு என் மனைவி அரை நாள் சிரித்தாள்.

ஏன் எடுத்தேன் என்று உங்களுக்குத் தெரியும். பந்தயத்தில் நான் தோற்றால் மீசையை எடுக்க வேண்டும் என்பதுதானே பேச்சு? ஒரு வருஷமாக நீங்கள்தான் தோற்றீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோற்றவன் நான்தான் என்பது எனக்கே கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் தெரிந்தது. இந்தக் கடிதத்தை நம்மைத் தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். முதலிலிருந்து சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மழை நாளில் ஆரம்பித்தது அது. வாணியம்பாடித் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குக் கடுக்காய் வாங்க வாராவாரம் எங்கள் மலைச் சந்தைக்கு ஏறி வருகிற வியாபாரி நீங்கள். இருமலுக்கு மருந்து வேண்டும் என்று என் டிஸ்பென்சரிக்குள் வந்து உட்கார்ந்தீர்கள். நான் மிக்சர் கலக்கிக்கொண்டிருந்தேன். மேஜை மேல் நான் பாதி படித்து வைத்திருந்த துப்பறியும் நாவல் கிடந்தது. அதை எடுத்தீர்கள். வலமிருந்து இடமாக உருதுப் புத்தகம் படித்துப் பழகிய கை, பின்னட்டையைத்தான் முதலில் புரட்டியது. எழுத்துக் கூட்டிக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தீர்கள்.

"அடப்பாவமே, சொந்த மாமனாரே கொன்னுட்டாரா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மிக்சர் பாட்டிலைக் கீழே போட்டிருப்பேன். மூன்று நாளாக அந்தக் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருந்தேன் பாய்! நான் கத்தியதைக் கேட்டு வெளியே நின்ற உங்கள் கழுதைகள்கூடத் திரும்பிப் பார்த்தன. நீங்களோ நிதானமாக ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"கோச்சிக்காதீங்க கம்பவுண்டரே. இது மாதிரி எத்தினி படிச்சிருப்பீங்க?"

"எரநூறு இருக்கும்."

"எரநூறுலயும் ஒருத்தன் சாவறான், ஒருத்தன் கண்டுபுடிக்கிறான். அப்ப நீங்க படிச்சது ஒரே புக்குதான்."

நான் விடுவேனா? நீங்கள் என்ன படிப்பீர்கள் என்று கேட்டேன். உருதுக் கவிதை, அதுவும் மனப்பாடமாகத் தெரிந்த அதே கவிதை என்றீர்கள். அப்படியென்றால் நீங்கள் படித்ததும் ஒரே புத்தகம்தான் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். மழை விடுவதற்குள் பந்தயம் முடிவாகிவிட்டது. ஒரு வருஷம். மாதம் ஒரு புத்தகம், படிக்காமல் விட்டவன் தோற்றவன். எனக்கு நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், உங்களுக்கு நான். அதுவரை தொடாத தினுசாக இருக்க வேண்டும். நான் தோற்றால் மீசை. நீங்கள் தோற்றால் தாடியா என்று கேட்டேன். "தாடி அல்லாவோட சொத்து. அதுல கை வெக்க எனக்கு ரைட்டு இல்ல. மூக்குப்பொடிய வுட்டுடறேன்" என்றீர்கள்.

பழைய பேப்பர் கடையில் கிளறி, கீழேயிருந்து உப்பு மூட்டையோடு புத்தகங்களைக் கொண்டுவந்தீர்கள். எனக்கு வந்த முதல் புத்தகம் பறவைகளைப் பற்றியது. இந்த மலையில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, பறக்கிற எல்லாவற்றையும் குருவி என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள் நான். அந்த மாதம் முழுக்கக் கழுத்து வலி எனக்கு. உங்களுக்கு நான் கொடுத்தது சமையல் புத்தகம். அதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தீர்கள். "பாயசத்துல ஆரம்பிச்சேன், இன்னும் சாம்பாரு வரல" என்று அடுத்த சந்தையில் சொன்னீர்கள்.

மூன்றாம் மாதம் கவிதை. எனக்கு உருது தெரியாது என்பதால் நீங்கள் வரி வரியாகச் சொல்ல, நான் மருந்துப் பாட்டிலில் ஒட்டுகிற சீட்டுகளின் பின்புறத்தில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். உங்கள் மொழி, என் எழுத்து. அர்த்தம் கேட்டால் உடனே சொல்ல மாட்டீர்கள். "மொதல்ல வாய்ல போட்டு மெல்லுங்க" என்பீர்கள். அந்தச் சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தமிழ் படிக்க வரும், எழுத வராது. ரசீதில்கூட உருதில்தான் கையெழுத்துப் போடுவீர்கள். என்னை விட நீங்கள் ஒரு படி மேல், எனக்கு உருதில் எதுவுமே வராது.

ஐந்தாம் மாதம் சண்டை வந்ததே, அதை மறந்திருக்க மாட்டீர்கள். எனக்காக நீங்கள் வாங்கியது, பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதையை வாரம் வாரம் கிழித்துத் தைத்த கட்டு. நான் படிக்கும் முன்பே, "அந்தப் பொண்ணு கடைசில செத்துடுது கம்பவுண்டரே, மனசே ஆறல" என்று கண் கலங்கிக்கொண்டு வந்தீர்கள். இரண்டு சந்தைக்கு உங்களோடு நான் பேசவில்லை. மூன்றாவது சந்தையில் வாசலில் நின்று சத்தியம் செய்தீர்கள். "இனிமே மொதல் பக்கத்துலேர்ந்துதான் படிப்பேன். உங்க மீசை மேல ஆணை." அந்தச் சத்தியத்தை நான் நம்பினேன். பின்னால் வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அந்த வருஷத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் தொற்றிக்கொண்டதை உங்களிடம் சொல்லவில்லை. நான் எழுத ஆரம்பித்திருந்தேன். எட்டுக் கதைகள். ஒன்றில்கூடக் கொலை கிடையாது. சீட்டில் கிறுக்குகிற கையை அடக்கி, நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்க வசதியாகப் பெரிது பெரிதாக ஒரு நோட்டில் எழுதினேன். பன்னிரண்டாம் மாதத்துப் புத்தகமாக அதைத்தான் கொடுத்தேன். பஞ்சுச் சுருளோடு வருகிற நீலத் தாளில் சுற்றி, உள்ளே பக்க அடையாளத்துக்கு ஒரு அளவுச் சீட்டும் வைத்தேன். வேளைக்கு எவ்வளவு குடிப்பது என்று பாட்டில் பக்கவாட்டில் ஒட்டுவதற்காகப் பல் பல்லாக வெட்டுவோமே, அது.

"இது யாரு எழுதினது?" என்று கேட்டீர்கள்.

"தெரிஞ்சவருதான். படிச்சிட்டு சொல்லுங்க."

என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டீர்கள். நோட்டைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டீர்கள். பிறகு உங்கள் பங்குக்குப் பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து நீட்டினீர்கள். குழந்தைகள் அலிஃப், பே என்று எழுத்துப் படிக்கிற உருது அரிச்சுவடி.

"இன்னா பாய் இது? நாப்பத்தாறு வயசுல எனக்கு அலிஃபா?"

"தொடாத தினுசுதானே?" என்றீர்கள். "அடுத்த சந்தைக்கு வர்றேன். போய்ட்டு படிச்சிட்டு வர்றேன்."

அடுத்த சந்தைக்கு நீங்கள் வரவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை. என் மிக்சர் உங்கள் இருமலை நிறுத்தியிருந்தது. காய்ச்சல் வந்தபோது நான் மலை மேல் இருந்தேன், நீங்கள் கீழே இருந்தீர்கள். சேதி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. சேதி கொண்டுவந்த உங்கள் கழுதைக்காரரே நோட்டையும் கொண்டுவந்தார். நான் சுற்றிக் கொடுத்த மாதிரியே நீலத் தாள் சுற்றியிருந்தது. பிரித்தேன். அளவுச் சீட்டு முதல் கதையின் முதல் பக்கத்தில் செருகியிருந்தது.

அப்போது எனக்கு வந்த எண்ணத்தை இன்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் போய்விட்ட துக்கத்தை விட, ஒரு பக்கத்தைக்கூடத் தாண்டவில்லையே என்ற வருத்தம் அந்தக் கணத்தில் பெரிதாக இருந்தது. கடுக்காய் வியாபாரி எனக்கே கடுக்காய் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்று முணுமுணுத்தேன். நோட்டை மேற்கொண்டு புரட்டாமல் டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். அதற்குப் பிறகு எழுதவில்லை. படிக்கவும் இல்லை. வேறு யாரிடம் போய்ப் பேசுவது? சந்தை நாளில் மழை பெய்தால் மட்டும் கை தானாக இரண்டு டம்ளரை எடுத்து வைக்கும். உங்கள் இடத்துக்கு இப்போது வேறொரு வியாபாரி வருகிறார். நல்ல மனிதர், எடை சரியாகப் போடுகிறார். அவரோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை பாய்.

உங்கள் வீட்டுக்கு வந்து துக்கம் கேட்கவும் இல்லை. கோபமா, வெட்கமா, எனக்கே தெரியவில்லை. போன மாதம் மருந்துப் பெட்டி எடுக்க வாணியம்பாடிக்கு வந்தவன், கால் போன போக்கில் உங்கள் தெருவுக்கு வந்துவிட்டேன். உங்கள் மனைவி ஜைத்தூன் அம்மா திரைக்குப் பின்னால் வந்து நின்றார். பெயரைச் சொன்னேன். உடனே உள்ளேயிருந்து ஒரு கேள்வி வந்தது.

"அண்ணே, அந்த மொத கதைல இன்னா ஆச்சு?"

எனக்குப் புரியவில்லை.

"ஏழு கதை படிச்சி காட்னாரு அண்ணே. எனக்குத் தமிழு படிக்க வராது. தெனம் சாயங்காலம் ஒண்ணு. கடேசி கதைலேர்ந்து ஆரம்பிச்சாரு. மொத கதை மட்டும் பாக்கி, நாளைக்கின்னு சீட்ட வெச்சாரு. அன்னிக்கு ராத்திரிதான் காய்ச்ச வந்துச்சு."

"மொதல்லேர்ந்து படிக்கிறேன்னு என் மீசை மேல சத்தியம் பண்ணாரேம்மா?"

திரைக்குப் பின்னால் அழுகையும் சிரிப்பும் கலந்து கேட்டது. "வாயி சத்தியம் பண்ணுச்சி. கையி கேக்கணுமே அண்ணே? நோட்ட அந்தத் தாள்லயே சுத்தி பத்திரமா குடுத்தனுப்ச்சிடு, அவருகிட்ட வேற காப்பி இருக்காதுன்னு காய்ச்சல்லகூட சொல்லிகினே இருந்தாரு."

மலை ஏறி வந்ததும் வராததுமாக டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். நோட்டைப் பின்னாலிருந்து திறந்தேன். கடைசிப் பக்கத்து ஓரத்தில் உங்கள் கட்டைவிரல். எந்தச் சோப்புக்கும் போகாது என்பீர்களே, அந்தக் கடுக்காய்க் கறை. அடுத்த தாளிலும் இருந்தது. அதற்கடுத்த தாளிலும் இருந்தது. எட்டாம் கதை, ஏழாம் கதை என்று இரண்டாம் கதை வரைக்கும் ஒரு தாள் விடாமல் உங்கள் விரல். முதல் கதை மட்டும் நான் எழுதிக் கொடுத்த மாதிரியே வெள்ளையாக இருந்தது.

அந்த முதல் கதை யாரைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியாது. புத்தகத்தைப் பின்னாலிருந்து திறக்கிற ஒரு வியாபாரியைப் பற்றியது. எழுதும்போதே எங்கே சிரிப்பீர்கள், எங்கே மூக்குப்பொடியை எடுப்பீர்கள் என்று நினைத்து நினைத்து எழுதினேன். ஒரே ஒரு சாயங்காலம் கிடைத்திருந்தால் போதுமே பாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றி, ஒழுங்காக முன்னாலிருந்து படித்திருக்கக் கூடாதா?

இன்னொன்றையும் பார்த்தேன். ஏழு கதைகளின் முடிவிலும் பென்சிலால் ஒரு வரி உருதில் எழுதியிருந்தது. என்ன எழுதினீர்கள்? நன்றாக இருக்கிறது என்றா, வேண்டாம் விட்டுவிடுங்கள் என்றா? வாணியம்பாடியில் யாரிடம் நீட்டினாலும் ஒரு நொடியில் படித்துச் சொல்லிவிடுவார்கள். நீட்ட மனசு வரவில்லை. அப்போதுதான் மருந்து அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்த அரிச்சுவடி நினைவுக்கு வந்தது. நீங்கள் கொடுத்த நாளிலிருந்து நான் திறக்காத புத்தகம். நீங்கள் என் நோட்டைப் படிக்கவில்லை என்று ஒரு வருஷம் கோபித்துக்கொண்டிருந்தவன், உங்கள் புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. அன்றைக்குத்தான் கத்தியை எடுத்து மீசையை மழித்தேன்.

இப்போது தினமும் சாயங்காலம் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுகிறேன். நோயாளிகள் வந்தால் புத்தகத்தை மருந்துச் சீட்டுக் கட்டுக்கு அடியில் ஒளித்து வைக்கிறேன். புள்ளிகள்தான் உயிரை வாங்குகின்றன. நேற்று, நோட்டின் கடைசிப் பக்கத்து வரியில், அதாவது நீங்கள் முதலில் எழுதிய வரியில், முதல் சொல்லை வலப்பக்கமிருந்து பிடித்தேன். மீம். சே. அலிஃப். நூன். எந்த உருதுச் சொல்லோ என்று நினைத்து, நீங்கள் சொன்ன மாதிரி வாயில் போட்டு மென்றேன். மெல்ல மெல்லத்தான் தெரிந்தது, அது உருதே இல்லை. எழுத்துதான் உங்களுடையது. சொல் தமிழ்.

மச்சான்.

நேரில் ஒரு நாளாவது என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறீர்களா பாய்? எப்போதும் கம்பவுண்டரே, கம்பவுண்டரேதான். ஜைத்தூன் அம்மா என்னை அண்ணே என்றது வாய் தவறி வந்தது என்று நினைத்தேன். வீட்டில் என்னை எப்படிச் சொல்வீர்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

மீதி வரிகளை நானே படிப்பேன். இன்னும் ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும், யாரிடமும் கேட்க மாட்டேன். அதற்கு முன்னால் இந்த வாரச் சந்தை முடிந்ததும் கீழே இறங்கி வருகிறேன். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, முதல் கதையை என் தங்கச்சிக்குப் படித்துக் காட்டுகிறேன். அதன் கடைசிப் பத்தியிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

மீசை இல்லாத உங்கள் மச்சான்,
ஏழுமலை