கண்ணாடியில் பதிந்த என் பெருவிரல்

யக்கா,

இன்றைக்கு மத்தியானம் நான் கொண்டுபோன சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் நெய்ச்சாளைக் குழம்பின் மணம் வந்தது. அரைத்த தேங்காய்க்கு மேலே மீனின் எண்ணெய் மினுங்கிக்கொண்டு கிடந்தது. மணத்தோடு நீயும் வந்தாய், உன்மேல் எனக்குள்ள பொறாமையும் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பொறாமை மட்டும் லீவு எடுக்காமல் வேலைக்கு வருகிறது.

நாகர்கோவில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ நாம் இரண்டு பேர். ஒரே தொட்டி, இரண்டு குழாய். நான் அஞ்சாம் வகுப்பு, நீ எட்டு. அந்த மூன்று வகுப்புக்கே உன்னைக் கண்டால் எனக்கு ஆகாது. ஆனால் உன் பாத்திரத்து மீனில் பாதி எனக்குத்தான். பின்வராந்தாவில் உட்கார்ந்து கேட்காமலே கைவிட்டு எடுப்பேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பி வடசேரி பஸ்ஸை எண்ணிக்கொண்டிருப்பாய்.

ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளை ஒருநாள் தன் வேலையைப் பற்றிச் சொன்னாள், நினைவிருக்கிறதா? அவள் ஆராய்ந்தது நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே குடியிருக்கும் ஓர் ஒட்டுண்ணியை.

"அதுக்கு வேண்டிய கொழுப்பெல்லாம் சொந்தமா செய்யத் தெரியாது அக்கா. செல்லுக்குள்ள புகுந்து, தன்னைச் சுத்தி சவ்வால ஒரு அறை கட்டிக்கிடும். செல்லு எண்ணெயச் சின்னச் சின்னத் துளியா சேத்து வச்சிருக்கும். அந்தத் துளிய அறைக்குள்ள இழுத்துத் தின்னும்."

"செல்லுக்கு அது தெரியாதா பிள்ளே?" என்று கேட்டாய் நீ.

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "உள்ள ஆள் வந்த பெறகு சில செல்லு துளிய இன்னும் கூட்டி வைக்குது அக்கா. அதுவா வைக்குதா, உள்ள இருக்கது வைக்கச் சொல்லுதான்னுதான் நானும் பாக்கேன்."

உன்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்து என் காதில் சொன்னாய்: "ஏட்டி, உள்ள ஒருத்தி இருக்கா. ஒன்னைய மாதிரியே."

"அழகா இருக்காளா?"

"கொழுத்து இருக்கா."

சிரித்தேன். வயிறு எரிந்தது.

அந்தப் பிள்ளை ஒரு சிவப்புச் சாயம் வைத்திருந்தாள். எண்ணெய் இருக்கும் இடத்தில்தான் அது பிடிக்கும். செல் எதுவும் இல்லாத வெறும் கண்ணாடித் தகடு ஒன்றுக்கும் அதைப் போட்டுப் பார்ப்பாள், அதில் சிவப்பே தெரியக் கூடாது. அந்தக் கண்ணாடிகள் உன் பொறுப்பு. தலைக்கு எண்ணெய் தேய்த்த அன்று அவற்றைத் தொடக்கூடாது என்பது நம் தொட்டியின் சட்டம். நீ மைக்ராஸ்கோப் பார்த்த மறுநாள் நான் தேங்காயெண்ணெய் வழிய வழிய வந்தேன். பின்னலில் பெருவிரலை ஒரு தேய் தேய்த்து, நீ உலர வைத்திருந்த கண்ணாடியில் அழுத்தினேன். உனக்கு ஒரு வசவு விழட்டும் என்றுதான்.

சாயம் போட்டதும் வெறும் கண்ணாடியில் ஒரு விரல் சிவப்பாக எழும்பியது. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டு. சின்ன வயதில் அரிவாள்மணை எனக்குக் கொடுத்த தழும்பு. தினமும் உன் மீனுக்குள் போய்வரும் விரல், உனக்குத் தெரியாதா?

"யாரு கை அக்கா இது?" என்றாள் பிள்ளை.

நீ கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கி ரொம்ப நேரம் பார்த்தாய். "எனக்க கைதான் பிள்ளே. காலத்த தலைக்குத் தேச்சேன், மறந்துட்டேன்." அப்படியே தொட்டிக்குள் போட்டுவிட்டாய்.

ஒரு மாசம் பிள்ளை உன்னை அந்தக் கண்ணாடிகளைத் தொட விடவில்லை. வேலை என் கைக்கு வந்தது. ஆசைப்பட்டதுதான், ஆனாலும் ருசிக்கவில்லை.

நீ பழி ஏற்ற அன்று மத்தியானமும் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினாய். ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்: "கைய கழுவிட்டுத் தின்னு ஏட்டி. எண்ணெ இருக்கு."

"ஒனக்க கொழம்புல இல்லாத எண்ணெயா?" என்று கேலி செய்தேன். நீயும் சிரித்தாய். நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று வைத்துக்கொண்டிருந்தேன். நீ காய்ச்சல் என்று லீவு போட்டாய், திரும்பி வரவில்லை.

போன வாரம் அந்தப் பிள்ளை ஆய்வேட்டைக் கட்டிப் புத்தகமாகக் கொண்டுவந்தாள். நன்றி சொல்லும் பக்கத்தில் உன் பெயர். வாசித்துக் காட்டினாள். பழியும் உனக்கு, பெயரும் உனக்கு. எனக்குப் பொறுக்கவில்லை, சொல்லிவிட்டேன். "அந்த வெரலு எனக்கதாக்கும் பிள்ளே."

அவள் என் பெருவிரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "அவங்க ஒருநாளும் சொல்லலியே அக்கா."

"சொல்லமாட்டா, சவம்," என்றேன். விரலை உருவிக்கொண்டு குழாயைத் திறந்தேன்.

உன் குழாயடிக்கு இப்போது சுசீந்திரத்திலிருந்து ஒருத்தி வருகிறாள். தயிர்ச்சோறும் ஊறுகாயும்தான் கொண்டுவருவாள். இன்றைக்கு என் பாத்திரத்தில் கேட்காமல் கைவிட்டாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். என்னவோ, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். வடசேரி பஸ் மூன்று போயிற்று. திரும்பிப் பார்த்தால் பாதி மீனைக் காணவில்லை. எனக்கு வயிறு நிறைந்திருந்தது.

இத்தனை வருஷம் இந்தச் சுகத்தை நீ ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். இதற்கும் உன்மேல் பொறாமைதான் யக்கா. நாளைக்கு நாலு மீன் கூடப் போட வேண்டும்.