நீ முன்பே கேட்டிருந்த பாட்டு

கார் டாஷ்போர்டுக்குள் இன்று துணி தேடியபோது நம் இயர்போன் கையில் வந்தது. உன் காதுப் பக்கம் அடையாளத்துக்கு நீ சுற்றிய சிவப்பு நூல் அப்படியே இருக்கிறது. அதைத் தூக்கி எறியத்தான் நினைத்தேன்.

நம் இருவருக்கும் பிடித்த பாடகி பாடுவதை நிறுத்திவிட்ட பிறகு ஆரம்பித்த பழக்கம் இது. கிட்டாரோடு, மழைச் சத்தத்தோடு, தன் அறையிலேயே பதிவு செய்து பாடியவள். மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். அவளைப் போல வேறு யாராவது பாடுகிறார்களா என்று ஆளுக்கொரு பக்கம் தேடினோம். கிடைத்தால் தனியாகக் கேட்கக் கூடாது. சேர்ந்துதான், ஆளுக்கொரு காதில், முதல் தடவையாக. இதை விதியாக்கியதே நீதான். கணபதி ஏரியாவில் உன் வீட்டை ஒட்டி லேத் பட்டறை, ஓயாத சத்தம். அதனால் மதுக்கரை தாண்டி ஏதாவது மர நிழலில் காரை நிறுத்துவோம்.

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. இதை நம்பினேன். நீ வெளியூர் போன நாட்களில், கண்டுபிடித்த பாட்டைத் தொடாமல் வைத்துக் காத்திருந்தேன்.

வால்பாறை மலைப்பாதையில், பனி கார்க் கண்ணாடியை மூடியிருக்க, புல்லாங்குழலோடு பாடும் ஒருவனின் பாட்டைப் போட்டாய். "நானும் இன்னும் கேக்கல. உங்கூடத்தான் மொதல்ல" என்றாய். பாதியில் என் முன்னால் கையை நீட்டினாய். "அம்மணி, இங்க பாரு, சிலுத்துப்போச்சு!" நான் கண்ணையும் மூக்குக்கண்ணாடியையும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம், உன்னை அண்ணி என்று கூப்பிடும் உன் தம்பி மனைவி கோமதியைக் காரில் ஏற்றிக்கொண்டேன். அந்தப் பாட்டு ஓடியது.

"அட, இதுங்களாக்கா! அண்ணி சமையக்கட்டுல ஒரு வாரம் இதையேதானுங்க ஓட்டுனாங்க. லேத்துச் சத்தமே தேவலைன்னு ஆயிப்போச்சு."

"வால்பாறை போறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னாலதானுங்க. 'இதப் போட்டு அவள அழ வெச்சுப்போடறேன் பாரு'ன்னு ஒரே சிரிப்பு."

எனக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதே பெரிய வேலையாக இருந்தது. அவள் விடவில்லை.

"எத்தனையோ கேட்டு ஒண்ணத்தானுங்க தேத்துவாங்க. மத்ததுக்கெல்லாம், 'வேண்டாம் சாமி, அவ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா'ம்பாங்க."

அப்படியென்றால் அந்த வியப்பு? அந்தக் கை? சிலிர்ப்பைக்கூட நடிக்க முடியுமா? எனக்காக எத்தனையோ மோசமான பாட்டுகளைச் சகித்துக்கொண்டாய் என்று எடுத்துக்கொள்ளலாம். கோமதி அப்படித்தான் சொன்னாள். என்னால் முடியவில்லை. நான் உன்னோடு பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீயோ நான் கேட்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். உனக்குப் பக்கத்தில் இருந்தும், அந்த முதல் தடவைகளில் நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். சண்டை போடவும் இப்போது நீ இல்லை.

உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் எனக்கு ஒரு புதிய பாடகி கிடைத்தாள். கட்டிலருகே வந்து பெயரைச் சொன்னேன். வெறும் தம்புராவும் குரலும்தானாம் என்றேன். கண்ணைத் திறக்காமலே, "ஊட்டுக்கு வந்துட்டுக் கேப்போம். நீ மட்டும் முந்திராத அம்மணி" என்றாய். சத்தியமும் வாங்கிக்கொண்டாய்.

அந்தப் பாட்டு இன்னும் என் போனில் திறக்கப்படாமல் இருக்கிறது. கடைசி நாட்களில் உன் கூடவே இருந்தவள் கோமதி. நீ அதைக் கேட்டாயா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்குப் பிடிக்குமா என்றுகூட அவளிடம் சொல்லியிருப்பாய். நான் விசாரிக்கவில்லை.

இயர்போனை மறுபடி உள்ளேயே வைத்துவிட்டேன். கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும், அந்த ஒரு பாட்டையாவது, எனக்குத் தெரியாமல், நீ கேட்டிருக்க வேண்டுமே என்றிருக்கிறது.