முன்பல்லும் சாக்சபோனும்

மார்ச் 9, ஞாயிறு

காலை பத்தேகாலுக்கு இன்டர்காம் அடித்தது. வாசல் காவலாளி, நாம் என்ற பெயருடைய பெரியவர். "பியோ வீட்டுத் தம்பி, மறுபடியும் பத்தாவது மாடியிலேருந்து போன். அப்பாகிட்ட கொஞ்சம்..." என்று இழுத்தார். அவர் முடிக்கத் தேவையே இல்லை. ஒன்பதாவது மாடியில், எங்கள் முன்னறையில், அப்பா சாக்சபோன் ஊதிக்கொண்டிருந்தார்.

கொடுமை என்னவென்றால் என் பிழைப்பே இதுதான். ஒரு வீட்டுச் சத்தம் அடுத்த வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்று அளப்பது. இரண்டரைக் கிலோ ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவோம், கீழ்வீட்டில் கருவியை வைத்துக் குறிப்போம். கொரியாவின் இந்தத் தேகு நகரத்து அடுக்குமாடிச் சண்டைகளில் பாதி எனக்கு அத்துப்படி. இப்போது சண்டைக்குக் காரணமான வீடு எங்களுடையது.

"எண்பத்தெட்டு டெசிபெல். இது வீட்டுக்குள்ள ஊதற வாத்தியமே இல்லப்பா."

"ஜன்னலைச் சாத்திட்டுத்தானேடா ஊதினேன்."

"அது சுவர் வழியா போகும்."

அம்மா முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பாவின் வாசிப்பைப் பற்றி அவள் எப்போதுமே ஒன்றும் சொல்வதில்லை.

மார்ச் 11

ஒரு கேள்வி. முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் மலையேறப் போகலாம். மீன் பிடிக்கலாம். இந்த ஊரில் ஓய்வு பெற்ற ஆண்கள் எல்லோரும் ஏன் சாக்சபோனே வாங்குகிறார்கள்?

மார்ச் 23, ஞாயிறு

தீர்வு கண்டுபிடித்தாயிற்று. கார் நிறுத்தும் கீழ்த்தளம் இரண்டில், மூலையில் எங்கள் கார். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பின்சீட்டில் உட்கார்ந்து ஊதச் சொன்னேன். வெளியே மூன்று மீட்டரில் அறுபத்தொன்று. யாருக்கும் தொல்லை இல்லை. ஆனால் காருக்குள் நூற்றுநாலு! ஒரு மாதத்தில் காது போய்விடும். ஆகவே நாங்கள் வேலைத்தளத்தில் போடும் மஞ்சள் நுரைக் காதடைப்பு ஒரு டப்பா கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வியர்வையோடு மேலே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "டேய், இதைப் போட்டுக்கிட்டா என் சத்தம் என்னமா இருக்கு தெரியுமா! கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி கம்முனு, கனமா..."

இவ்வளவு எளிதாக ஒரு பிரச்சினை முடிவது என் தொழிலில் அபூர்வம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அப்பா ரகசியம் சொன்னார். அக்டோபர் பதினெட்டு அம்மாவுக்கு அறுபது நிறைகிறது. அன்று சித்திகள் எல்லோர் முன்னாலும் 'அந்தப் பாட்டை' முழுதாக வாசிக்க வேண்டுமாம். பேருந்து நிலையத்தில் ஒரு பெண் ஒவ்வொரு பேருந்தாக விட்டுவிட்டு யாருக்கோ காத்திருக்கும் பழைய பாட்டு. அம்மா கல்யாணத்துக்கு முன் நெசவாலையில் வேலை பார்த்த காலத்தில் பாடிக்கொண்டிருப்பாளாம்.

எனக்கு அந்த வகைப் பாட்டே ஆகாது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் குரல் மடங்கி அழும். நான் கேட்பது இரண்டு கிடார், ஒரு டிரம், கத்தல். பள்ளிக் காலத்தில் இதை வைத்து எங்களுக்குள் நடந்த சண்டை கொஞ்சமில்லை. "ஒரு தடவையாவது சத்தமாக் கேளுங்கப்பா, பாட்டுன்னா என்னன்னு தெரியும்" என்று கத்தியிருக்கிறேன்.

இன்று அதற்குப் பதில் வந்தது, பதினைந்து வருடம் கழித்து. "முப்பத்தொரு வருஷம் பஸ்ல ரேடியோவை ஒரே ஒரு புள்ளியிலதான்டா வெச்சேன். அதுக்கு மேல போனா யாராவது ஒருத்தர் திட்டுவாங்க. எனக்கும் சத்தமாக் கேக்க ஆசைதான்."

சரி என்றேன்.

மே 25, ஞாயிறு

அவரைச் சாப்பிடக் கூப்பிடக் கீழே போனேன். கார்க் கதவைத் திறக்குமுன் நின்று கேட்டேன். மேல் சுரங்கள் எல்லாம் எகிறுகின்றன. நீண்ட சுரம் நடுங்குகிறது. மூன்று வருடப் பயிற்சிக்கு இது மோசம்.

மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன். "சுருதி சேரல. அக்டோபர்ல சித்திகள் முன்னாடி மானம் போகும். நீயாவது சொல்லேன்."

ரகசியத்தை உளறிவிட்டது அப்புறம்தான் உறைத்தது. அம்மா சட்டை செய்யவில்லை.

"மூணு வருஷமா அதே பாட்டு. யாருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நீ வாயைத் திறக்காதே. திறந்தே, அன்னிக்கு உனக்குச் சோறு கிடையாது."

ஜூலை 2, புதன்

அப்பாவின் மேல் முன்பற்கள் இரண்டும் ஆடுகின்றன. ஈறு நோயாம், ரொம்ப நாளாகவே. பல் மருத்துவர் உடனே எடுக்கச் சொன்னார். தள்ளத் தள்ளத் தாடை எலும்பு கரையும், பிறகு புதுப் பல் நடுவதும் கடினம்.

சாக்சபோன் ஊதுபவனுக்கு முன்பல்தான் நங்கூரம். கீழுதட்டை மடித்து வைத்து, மேல்பல்லை ஊதுவாயின் மேல் ஊன்றித்தான் பிடிக்க வேண்டும்.

"அக்டோபர் முடிஞ்சு எடுத்துக்கலாம்" என்கிறார் அப்பா. முட்டாள்தனம். முகத்துக்கு நேரே அப்படித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, கடைசியில் எடுத்தாயிற்று. இரண்டும். எலும்பு ஆறிப் புதுப் பல் வைக்க அடுத்த வசந்தம் ஆகும். அதுவரை கழற்றி மாட்டும் பொய்ப்பல், பார்வைக்கு மட்டும். அதன்மேல் ஊதுவாயை வைத்து அழுத்தினால் கையோடு வந்துவிடும்.

அம்மா பூசணிக் கஞ்சி வைத்தாள். அப்பா சாக்சபோன் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

ஆகஸ்ட் 24

சாக்சபோன் பெட்டி கட்டிலுக்கு அடியில். கீழே காரிலும் சத்தம் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது. நான் கேட்ட அமைதிதான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சின்சொன் ஓடைப் பாலத்தடியில் அப்பாவோடு ஊதும் நண்பர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் பாங், ஒரு பெட்டி பீச் பழத்தோடு வந்தார். வந்ததும் தன் பல்செட்டை மேலும் கீழுமாகக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "பியோ, நான் ஒரு பல்லுகூட இல்லாம ஊதறேன். நீ ரெண்டு பல்லு போனதுக்குத் துக்கம் காக்கறியா?"

மேலுதட்டையும் கீழுதட்டைப் போலவே உள்ளே மடித்து, இரண்டு உதட்டாலேயே பிடிக்கும் முறை. பழைய ஆட்கள் சிலர் அப்படித்தான் ஊதினார்களாம். உதடு ஒரு வாரம் எரியும், பிறகு பழகிவிடும்.

வாத்தியார் போனதும் அப்பா பெட்டியை இழுத்தார். மூன்று மணி. சின்னச் சத்தம், யாருக்கும் கேட்காது. நாலைந்து சுரம் ஊதினார். நிறுத்தினார். வாத்தியத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி ஊதி மறுபடி நிறுத்தினார்.

"ஜே-உக், இதுல ஏதோ கோளாறுடா. கரகரங்குது. மேல போனா சுருதி எகிறுது."

"அது எப்பவுமே அப்படித்தான்ப்பா."

சொல்லிவிட்டேன். நினைக்காமல் சொல்லிவிட்டேன். சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது.

அப்பா அம்மாவைப் பார்த்தார். "எப்பவுமேவா?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். "ம்."

"மூணு வருஷமா இதையா கேட்டுக்கிட்டிருந்தே?"

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்களே, ஜே-உக் அப்பா."

அவர் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். கொக்கியை மாட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

செப்டம்பர் 8, திங்கள்

இன்று கட்டட வேலையில் பந்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது பளிச்சென்று விளங்கியது. சே, எவ்வளவு பெரிய மடையன் நான்!

பல்லை ஊன்றி ஊதினால் அதிர்வு பல் வழியாக நேரே மண்டையோட்டுக்குள் போகும். ஊதுபவனுக்கு அறையின் சத்தத்தைவிட எலும்பின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். கனமாக, செழிப்பாக. மூன்று வருடமாக அவர் கேட்டது அதைத்தான். அதன்மேல் நான் போய்க் காதடைப்பையும் கொடுத்தேன். காதை அடைத்தால் எலும்புச் சத்தம் இன்னும் பெருகும். இது முதலாம் ஆண்டுப் பாடம்! கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி என்று அவர் சொன்னபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். மீட்டரைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை.

பல் போன பிறகு, உதட்டால் பிடித்தபோது, முதல் தடவையாக எங்களுக்குக் கேட்கிறபடி அவருக்கும் கேட்டிருக்கிறது.

அம்மாவிடம் படம் போட்டு விளக்கினேன். பாதியிலேயே நிறுத்தினாள்.

"இதுக்கு எதுக்குடா படம்? நெசவாலையில நாங்க அத்தனை பேரும் பாடுவோம். தறிச் சத்தத்துல பக்கத்துல நிக்கறவளுக்குக் கூடக் கேக்காது. நம்ம மண்டைக்குள்ள மட்டும் கேக்கும். அப்படி அழகா இருக்கும்! ஒருநாள் ஆலைச் சுற்றுலாவுல, ஆத்தங்கரையில எழுந்து பாடினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் வாயைத் திறக்கல."

படத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினாள்: "அவராவது சந்தோஷமா ஊதட்டும்னு இருந்தேன்."

முப்பத்தொரு வயது எனக்கு. இந்த வீட்டில் காது உள்ளவன் நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 10

பெட்டி கட்டிலுக்கு அடியில். நாற்பது நாள்கூட இல்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

வேலையிலிருந்து வந்து செருப்பைக் கூடக் கழற்றவில்லை, அப்பா முன்னால் நின்றார். கையில் தாளும் பேனாவும்.

"எந்தச் சுரம் எவ்வளவு எகிறுது? உனக்குத்தான் தெரியுமே. ஒண்ணு விடாமச் சொல்லு."

"அப்பா, அன்னிக்கு நான்..."

"அதை விடு. எண்ணைச் சொல்லு."

உட்கார்ந்து அளந்தோம். இருபத்தொரு சுரங்களில் பதினான்கு தவறு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுதினேன், கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. அவர் அதைப் பேருந்து அட்டவணை படிப்பது போல மேலிருந்து கீழே படித்தார். "ஆறாவது நிறுத்தத்திலேருந்து லேட்டு" என்றார். வேறு சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. என் அறிக்கையில் மேலதிகாரி ஒரு தசமப் புள்ளியைத் திருத்தினாலே நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அறுபத்துநாலு வயதில், பல் போய், மூன்று வருட உழைப்பும் தப்பு என்று தெரிந்த பிறகு இந்த மனிதர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இப்போது காருக்குள் போக மாட்டேன் என்கிறார். "அங்கே என்னைத் தவிர ஒண்ணும் கேக்காது." பாலத்தடிக்குப் போகிறார். நானும் போனேன். ஒரு சுரம் ஊதுகிறார், நிறுத்துகிறார், பாலத்தின் அடிப்பக்கம் அதைத் திருப்பிச் சொல்லும்வரை காத்திருக்கிறார். பிறகு அடுத்தது. உதட்டின் உட்பக்கம் புண்ணாகிவிட்டது. மிளகாய் போட்ட எதையும் தொடுவதில்லை. கிம்ச்சியைக் கழுவிச் சாப்பிடுகிறார்! என் அப்பா!

அக்டோபர் 5

ஐந்து சுரம்தான் பாக்கி.

அக்டோபர் 18, சனி

உணவகத்தின் தனியறை. கடற்பாசி சூப், பொரித்த மீன், பிடிபிடியாக அரிசி கேக். பெரியம்மா, இரண்டு சித்திகள், அவர்கள் வீட்டுக்காரர்கள்.

அப்பா எழுந்தார். திரும்பி நின்று பொய்ப்பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டார். பெரியம்மா விடவில்லை. "என்ன மாப்ள, பல்லு எங்க?"

"பாட்டு முடிஞ்சதும் வருங்க அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் உதட்டை மடித்தார்.

சத்தம் சின்னதுதான். கனமில்லை, பளபளப்பில்லை. பழைய பஸ் ரேடியோவை ஒரு புள்ளியில் வைத்தது போல. ஆனால் எந்தச் சுரமும் தன் இடத்தை விட்டு நகரவில்லை. பேருந்துகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன, அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு ஆகாத பாட்டுதான். ஆனாலும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன்.

இரண்டாவது சரணத்தில் அம்மா முனக ஆரம்பித்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டு, உதடு கூடப் பிரியாமல். சுருதி சேரவில்லை. நன்றாகவே கீழே இருந்தாள். சித்தி சிரிப்பை அடக்குவது தெரிந்தது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த ஆற்றங்கரை மறுபடியும் வரப்போகிறது.

அப்பா அதைக் கேட்டார். பல்லை ஊன்றி ஊதிய காலமாக இருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அடுத்த சுரத்தில் உதட்டைத் தளர்த்தினார். வாத்தியம் மெல்ல மெல்ல இறங்கி, அவள் இருந்த இடத்துக்குப் போய் நின்றது.

அந்தத் தாளில் எழுதிய எண்களின்படி எல்லாச் சுரமும் தவறு. அவர் பாடுபட்டுத் திருத்திய பதினான்கும். சித்தி சிரிக்கவில்லை. அம்மாவின் வாய் திறந்தது, கடைசி வரியைச் சொற்களோடு பாடினாள்.

முடிந்ததும் பெரியம்மா, "இப்பவாவது பல்லை எடுங்க மாப்ள, மீன் ஆறுது" என்றாள்.

டிசம்பர் 27, சனி

நான் வேலை பார்க்கும் ஒலி ஆலோசனை நிறுவனத்தில் வருடாந்திரக் காதுப் பரிசோதனை. மேல் ஓரத்தில், மிகக் கீச்சான சத்தங்களில், கேட்கும் திறன் கொஞ்சம் போய்விட்டதாம். வயது என்றார்கள். போன வருடமாக இருந்தால் நாள் முழுக்கக் கவலைப்பட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "அதுல பாட்டு ஒண்ணும் கிடையாதுடா, கொசுதான் இருக்கு" என்றார்.

ஏப்ரல் 11, சனி

புதுப் பல் இரண்டும் வந்துவிட்டன. வெள்ளையாக, ஆடாமல். மருத்துவரே சொல்லிவிட்டார், இனி தாராளமாக ஊன்றி ஊதலாம் என்று.

மூன்று மணிக்கு அப்பா முன்னறையில் உட்கார்ந்தார். பல்லை ஊதுவாயின் மேல் வைத்தார். அறை அதிர்ந்தது. என் கை தானாகவே இன்டர்காம் பக்கம் போனது.

நாலு வரி போயிருக்கும். சமையலறையிலிருந்து அம்மா:

"ஜே-உக் அப்பா! நான் எங்கே இருக்கேன்னு கேக்குதா?"

அவர் நிறுத்தினார். குழாய் திறந்திருந்தது. அந்தச் சத்தத்துக்குள்ளே, அம்மாவின் குரலில் அதே பாட்டு, சுருதி நன்றாகவே கீழே.

அப்பா மேலுதட்டைப் புதுப் பல்லின் மேல் மடித்துக்கொண்டார். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.