விடாமல் அடித்த ஆரன்

என் ஆரன் மாமாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. நானும் மகளும் இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள். மாலை போட்ட உங்கள் போட்டோவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன், வாய் எழும்பவில்லை. ஒரு டீ குடித்து முகம் கழுவிவிட்டு ஓட்டியிருக்கக் கூடாதா, அப்படி என்ன தூக்கம் என்று தினமும் அதோடு சண்டை போட்ட வாய் ஆச்சே.

முந்தாநாள் நம் லாரியில் ஏறினேன். நசுங்கிய முகப்புக்குத் தகரம் தட்டி, பெயின்ட் அடித்து, புதுக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்ததிலிருந்து அதன் பக்கமே நான் போகவில்லை. உங்கள் தம்பிதான், முதல் பாரம் ஏத்தறேன் அண்ணி, நீங்களும் வாங்க, எத்தனை நாளைக்கு வண்டியைக் கண்டு மிரளுவீங்க என்று கூட்டிப்போனார்.

சீட்டுக்கு அடியில் நீங்கள் வாங்கிப் போட்ட மருந்து டப்பா இரண்டும் அப்படியே கிடந்தன. ஒன்று காலி, ஒன்று மூடி திறக்காதது. டீசல் போகிற வழியெல்லாம் சுத்தமாகும், இனிமேல் புகை கக்காது என்று அந்தக் கடைசி நாள் காலையில் போனில் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்களே, அந்த மருந்துதான். அண்ணன் ஆசையா வாங்கினது வீணாப் போகக் கூடாது என்று தம்பி மிச்ச டப்பாவையும் டேங்கில் ஊற்றினார்.

மேடு முழுக்க நன்றாகத்தான் ஏறியது. உச்சிக்கு வந்ததும் இரண்டு தரம் இருமியது. தம்பி கியரை மாற்றக் கிளட்சை மிதித்தார். அவ்வளவுதான், இன்ஜின் அணைந்துவிட்டது. வண்டி மட்டும் நிற்கவில்லை மாமா. சரிவில் தானாக உருள ஆரம்பித்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. அவர் சீட்டை விட்டு எழுந்து, உடம்பு மொத்தத்தையும் போட்டுத் திருப்புகிறார், அசைவேனா என்கிறது. பிரேக்கை மிதித்தால் புஸ் புஸ் என்று காற்று இறங்குகிறதே தவிர வண்டி பிடிபடவில்லை.

அப்போது அவர் கை எங்கே போனது தெரியுமா? ஆரனுக்கு. விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். கீழே சைக்கிளில் போனவர் அந்தச் சத்தத்தில்தான் ஓரமாகக் குதித்தார். சாலை போடக் கொட்டி வைத்திருந்த மணல் குவியலில் சக்கரம் ஏறிப் புதைந்து நின்றோம். தம்பி இறங்கிப் பட்டறைக்காரருக்குப் போன் போட்டார். நான் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் சாவுக்கு வந்தவர்கள் சொன்னதெல்லாம் காதில் ஓடியது. சரிவு நெடுக ஆரன் விடாமல் அடித்ததாம். தூங்கித் தலை ஆரன்மேல் கவிழ்ந்துவிட்டதாம். கண்ணால் பார்த்த மாதிரி சொன்னார்கள். லாரி நிறுத்தத்துப் பெரியவரும், கொஞ்சம் கண் அசந்துட்டான் பாவி என்றார். நானும் தலையாட்டினேன்.

பட்டறைக்காரர் வந்து டீசல் ஃபில்டரைக் கழற்றி அறுத்துக் காட்டினார். உள்ளே கறுப்பாகச் சேறு அப்பிக் கிடந்தது. வண்டிக்குப் பேதி மருந்து கொடுத்திருக்கீங்க, வயித்துல இருக்கறது எங்கேதான் போகும் என்று தம்பியைக் கேலி பண்ணினார். பல வருஷத்து அழுக்கு டேங்க் அடியில் தூங்கிக் கிடந்ததாம், மருந்து அதை எழுப்பி ஃபில்டரில் கொண்டுபோய் அடைத்துவிட்டதாம்.

முதல் டப்பா ஊற்றியது யார், என்றைக்கு என்று நான் சொன்னேன். அவர் கேலி அதோடு நின்றது. கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். தகரம் தட்டியவர்கள் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் ஓடியதே, அப்படியானால் குறை வண்டியில் இல்லை என்றுதானே எல்லாரும் முடிவு கட்டினார்கள் என்று கேட்டேன். நிக்கிற வண்டியில அழுக்கு அடியில இறங்கிடும்மா, சும்மா உறும ஒரு மடக்கு டீசல் போதும், பாரத்தோட மேடு ஏறும்போதுதான் மூச்சு முட்டும், டேங்கை அன்னிக்கு யாருமே தொடலை என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு நீங்கள் இறங்கிய சரிவின் அடியில் ஒரு பக்கம் பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம் விட்ட நேரம். மறுபக்கம் பாறை. நீங்கள் பாறையில் போய் மோதினீர்கள். கல்லாகிப்போன ஸ்டியரிங்கை திருப்ப உங்கள் தம்பியாலேயே முடியவில்லை மாமா, நான் கூட உட்கார்ந்து பார்த்தேனே. தூங்குகிறவன் கையா அதைத் திருப்பியிருக்கும்?

அறுத்த ஃபில்டரைப் பையில் போட்டு லாரி நிறுத்தத்துக்கு எடுத்துப்போனேன். எல்லாரும் டீ குடிக்கிற பெஞ்சில் கொட்டினேன். என் வீட்டுக்காரர் தூங்கலை என்றேன். பெரியவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றார். எழுந்தவர் நான் திரும்பும்வரை உட்காரவில்லை.

டேங்கை இறக்கிக் கழுவி, பைப்பெல்லாம் ஊதி, புது ஃபில்டர் போட்டு, கைப்பம்பு அடித்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி இன்று வண்டியைக் கொடுத்தார்கள். ஆரன் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாளே உங்கள் மகள், அவளே தெருமுனைக்குப் போய், அப்பா அடிக்கிற மாதிரி அடிங்க சித்தப்பா என்றாள். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, தெருமுனைக்கு வந்ததும் என்னைக் கூப்பிட அடிப்பீர்களே, அது. தம்பி அடித்தார். நான் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இனி உங்களை ஒருத்தரும் தூங்கினவர் என்று சொல்லமாட்டார்கள். எங்கே இருந்தாலும் இனியாவது நிம்மதியாகத் தூங்குங்கள். நானும் நம்பிவிட்டேனே, அதை மனசில் வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்குச் சரிவு நெடுக அடித்தீர்களே, பிள்ளைகளை விலகச் சொல்லி மட்டும்தானா, இல்லை, நடுவில் ஒரு தரமாவது, சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று, என்னைக் கூப்பிட்டீர்களா?